மன்றத்தில் சொல்லக்கூடாத சொல்

"தம்பி கால் லிஃப்டுல மாட்டிக்கிச்சு. உயிரோட இருக்கான், பேசறான். நீங்க கத்தரிக்கோலை வெச்சுட்டு, படிக்கட்டு வழியா மேல மெஷின் ரூமுக்கு வாங்க. யார் கூப்பிட்டாலும் நிக்காதீங்க. நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க."

போனில் என் மனைவி. குரலில் கொஞ்சம்கூட நடுக்கம் இல்லை. கூடப் பிறந்தவன் கால் மாட்டிக்கிடக்கும்போதும் இவள் என்னைப் பாடம் ஒப்பிக்கச் சொல்கிறாள். வேறொரு நாளாக இருந்தால் நாலு வார்த்தை நன்றாகக் கேட்டிருப்பேன். அன்று வாயைத் திறந்து ஒப்பித்தேன்.

"மச்சான் கால் மாட்டியிருக்கு, உயிரோட இருக்கான். நான் படியேறி மெஷின் ரூமுக்கு வரணும், எங்கயும் நிக்கக்கூடாது."

"வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

என் தையல் கடைக்கு நேர் எதிரே இருக்கிறது அந்தக் கட்டிடம். கீழே இரண்டு தளம் அலுவலகங்கள், அதற்கு மேல் உச்சிவரைக்கும் வீடுகள். என் மனைவியும் அவளுடைய தம்பியும் லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் மெக்கானிக்குகள். எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும் ஜோடியாகத்தான் போவார்கள். அக்கா மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் ரூமில் நிற்பாள். தம்பி லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி உட்கார்ந்து வேலை செய்வான். அன்று காலையில் இருவரும் என் கடையில் தேநீர் குடித்துவிட்டு, தெருவைக் குறுக்கே கடந்து வேலைக்குப் போனார்கள். தேநீர் நன்றாக இல்லை என்று மச்சான் குறை சொல்லிவிட்டுத்தான் போனான்.

கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினேன். காலால் மிதித்துப் பிழைக்கிறவன்தான் என்றாலும், தையல் மெஷின் மிதிப்பதற்கும் மாடி ஏறுவதற்கும் சம்பந்தமே இல்லை என்பது மூன்றாவது மாடியிலேயே தெரிந்துபோயிற்று. ஒவ்வொரு திருப்பத்திலும் ஆட்கள் கூடிநின்றார்கள். ஒருவர் என் சட்டையைப் பிடித்து, லிஃப்ட் எப்போது ஓடும் என்று கேட்டார். அவர் கையைத் தட்டிவிட்டு ஏறினேன். அவரைக் கீழே தள்ளியிருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

இந்த ஒப்பிக்கும் வியாதி என் மனைவிக்கு எங்கே தொற்றியது என்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் மேலே நடந்தது விளங்காது.

என் மாமியார் ஒரு சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டுப் பிள்ளைகளை வளர்த்தவர். மாமனார் சின்ன வயதிலேயே தவறிவிட்டார். பள்ளிக்கூடம் விட்டபின் பிள்ளைகள் தெருவில் நிற்கக்கூடாது என்று, மூடிப்போன அச்சகத்துக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த பிள்ளைகள் மன்றத்தில் இருவரையும் சேர்த்துவிட்டார். "சின்னவனைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போவார். அந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டே என் மனைவி வளர்ந்தாள்.

மன்றம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நீளமான கூடம், அதற்கு மேல் பலகை போட்ட பரண், ஓர் அலமாரி, கொஞ்சம் பெஞ்சுகள். பொறுப்பாளர் என்று ஒருவர் இருந்தார். வந்து பூட்டைத் திறப்பார், வாசலில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார், இருட்டியதும் பூட்டிக்கொண்டு போவார். மற்றதெல்லாம் பிள்ளைகள் ராஜ்ஜியம். பெரிய பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்ததைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவது, ஃபியூஸ் போடுவது, கயிற்றில் முடிச்சுப் போடுவது, கூடத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே அடுப்பில் சமைப்பது, ரத்தம் வந்தால் எங்கே கட்டுவது, அடிபட்டவனைத் தூக்குக்கட்டிலில் போட்டுச் சாயாமல் படியிறக்குவது. சமையலில் மட்டும் என் மனைவி தேறவில்லை. அதை நான் சாப்பிட்டுச் சொல்கிறேன்.

பெஞ்சுகளைப் பரணில் அடுக்கி வைத்திருப்பார்கள், வேண்டும்போது கயிற்றில் கட்டி இறக்குவார்கள். ஒருநாள் மேலே இருந்த பையன் "விடட்டுமா?" என்று கேட்டிருக்கிறான். அதே நேரம் கீழே ஒருவன், நாளைக்குப் பந்து விளையாட வருகிறாயா என்று ஒரு பெண்ணிடம் கேட்டிருக்கிறான். அவள் "சரி" என்றாள். மேலே இருந்தவன் கயிற்றை விட்டுவிட்டான். பெஞ்சு வந்து விழுந்தது என் மனைவியின் தோளில். கழுத்தெலும்பு முறிந்தது.

மறுநாள் பிள்ளைகள் கூட்டம் போட்டார்கள். கயிற்றை விட்டவனை வைதுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். பெரியவர்களாக இருந்தால் அதைத்தான் செய்திருப்போம். இவர்களோ சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து ஆராய்ந்து, குற்றவாளி அந்தச் சொல்தான் என்று தீர்ப்பெழுதினார்கள். காதில் விழுந்தது என்றாலும் சரி, ஒப்புக்கொள்கிறேன் என்றாலும் சரி, வேலை முடிந்தது என்றாலும் சரி, போதும் வாயை மூடு என்றாலும் அதே சரிதான். இத்தனை வேலை செய்யும் ஒரு சொல்லை நம்பிக் கயிற்றைப் பிடிக்க முடியாது. அன்றோடு மன்றத்துக்குள் "சரி" தடை. ஒருவர் சொன்னதை மற்றவர் முழுசாகத் திருப்பிச் சொல்ல வேண்டும், அது பொருந்தினால்தான் வேலை தொடங்கும். வாய் தவறிச் சொன்னவர் கூடத்தைப் பெருக்க வேண்டும். அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். யார் வாயிலாவது அந்தச் சொல் வந்தால், பெஞ்சு விழுகிற மாதிரி மற்றவர்கள் கைகாலைச் சுருட்டிக்கொண்டு பின்னால் தாவுவார்கள். தெருக்காரர்கள் அதற்குக் கிளி மன்றம் என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் கிளிகளில் ஒன்று நர்ஸ் ஆனது, ஒன்று பேருந்து ஓட்டுகிறது. என் வீட்டுக் கிளி லிஃப்ட் நிறுவனத்தில் சேர்ந்தது. தம்பியும் பின்னாலேயே சேர்ந்தான்.

வேலைக்குப் போடும் முழு உடுப்புத் தைக்க அளவு கொடுக்கத்தான் அவள் முதலில் என் கடைக்கு வந்தாள். ஒரு தோள் இறங்கியிருந்ததை நாடாவைப் பிடித்ததுமே கண்டுகொண்டேன். நான் சொன்ன ஒவ்வோர் அளவையும் அவள் திரும்பச் சொன்னாள். பாவம், காது கொஞ்சம் மந்தம்போல என்று நினைத்து உரக்கக் கத்தினேன். அவளும் உரக்கத் திருப்பிச் சொன்னாள். தெருவே எட்டிப் பார்த்தது. பிற்பாடு, கட்டிக்கொள்ள விருப்பமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டபோது வந்த பதில் இதுதான்: "என்னைக் கட்டிக்கறியான்னு கேக்கறீங்க. கட்டிக்கறேன்."

அன்று சிரித்தேன். குடித்தனம் தொடங்கிய பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொன்னாள், சரி என்றேன், தொட்டி வழிந்து மாடியெல்லாம் குளமானது. "நீங்க சரின்னுதான் சொன்னீங்க, நிறுத்தறேன்னு சொல்லலையே" என்றாள். அதிலிருந்து வாழ்க்கை முழுக்க ஒப்பித்தல்தான். தன் அம்மாவுக்கு மட்டும் விலக்கு. மாமியார் தினமும் மத்தியானம் அவளுக்குப் போன் போட்டுவிடுவார். அந்தப் பேச்சை நான் காதில் வாங்குவதே இல்லை. மாமியார் பேச்சை ஒப்பிக்கத் தொடங்கினால் பொழுது சாய்ந்துவிடும்.

மூச்சு வாங்க மெஷின் ரூமுக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலுக்கு வெளியே, மெயின் ஸ்விட்ச் பெட்டிக்குக் கீழே வாட்ச்மேன் குந்தியிருந்தார். இரண்டு கையும் தலையில். பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே இருக்க வேண்டிய ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கி என் மனைவி தன் சட்டைப்பையில் போட்டிருந்தாள். பை துருத்திக்கொண்டு நின்றது.

என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அப்புறம் சொல்றேன், இப்ப இதைக் கேளுங்க" என்று, ஆகவேண்டியதை மட்டும் சொன்னாள். லிஃப்ட் பெட்டி மேல்தளத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. தம்பி அதன் கூரைமேல் இருக்கிறான். திடீரென்று பெட்டி மேலே ஏறியதில், பெட்டியின் விளிம்புக்கும் சுவரில் அடித்திருக்கும் இரும்புக்கும் நடுவே அவன் பாதம் மாட்டிக்கொண்டது. பெட்டியை ஒரு கையகலம் கீழே இறக்கினால் கால் வெளியே வரும். ஆனால் கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எடைக்கல், காலிப் பெட்டியைவிடக் கனம். பிரேக்கை விட்டதும் பெட்டி தன்னால் மேலேதான் போகும். மேலே போனால் கால் போய்விடும். அதனால் அவள் பிரேக்கை மயிரிழை திறக்கும்போது, மோட்டாரின் சக்கரத்தை ஒருவர் கையால் பிடித்துக் கீழ்ப்பக்கமாகத் திருப்ப வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியாயிற்று, வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் வருகிறவரை அவனுடைய ரத்தம் காத்திருக்காது.

வெளியே திடகாத்திரமான ஆட்கள் எத்தனையோ பேர் நின்றார்கள். என்னைவிடப் பலசாலிகள். ஏன் என்னைக் கூப்பிட்டாள் என்று அந்த நேரத்திலும் கேட்டுவிட்டேன்.

"அவங்களுக்குச் சொன்னா செய்வாங்க. உங்களுக்குத்தான் திருப்பிச் சொல்லிட்டுச் செய்யற பழக்கம் இருக்கு" என்றாள்.

மெஷின் ரூமின் தரையில் இரும்புக் கயிறுகள் இறங்கும் ஓட்டைகள் இருக்கும். அவற்றின் வழியாக மச்சானின் குரல் வந்தது. "மாமா வந்தாச்சா? கடையைப் பூட்டினாரா?" விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் குரல் மெலிந்திருந்தது. அவன் தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டியிருப்பதாக அவள் சொன்னாள். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. அழுவதற்கு நேரமில்லை.

சக்கரத்தைப் பிடித்தேன். அவள் பிரேக் நெம்புகோலில் கையை வைத்தாள். முதலில் கீழே தம்பிக்குச் சொன்னாள்: பிரேக் திறக்கப்போகிறது, பெட்டி கீழே வரும், கால் நகர்ந்தால் நிறுத்து என்று கத்து. அவன் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னான். பிறகு எனக்குச் சொன்னாள். நானும் சொன்னேன். எனக்கோ உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. கீழே அவன் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, இவள் மேலே ஒப்பித்தல் போட்டி நடத்துகிறாள். கதவுக்கு வெளியே ஆளாளுக்கு ஒரு யோசனை கத்தினார்கள். சுவரை இடிக்கலாம் என்றார் ஒருவர். கரண்டைப் போட்டுக் கீழே இறக்கிவிடலாமே என்று இன்னொருவர் சொன்னதும் வாட்ச்மேன் எழுந்து நின்றுகொண்டு, ஸ்விட்ச் பெட்டியை முதுகால் மறைத்துக்கொண்டார்.

"திறக்கறேன்" என்றாள்.

சக்கரம் என் கையைத் திமிறிக்கொண்டு எதிர்ப்பக்கம் சுழன்றது. கொஞ்சம்தான், ஒரு விரல் அளவுகூட இருக்காது. கீழேயிருந்து மச்சான் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. அவள் பிரேக்கை மூடினாள், சக்கரம் நின்றது. என்னை வெட்டிப் போட்டாலும் தகும் என்று தோன்றியது.

அவள் திட்டவில்லை. "எந்தப் பக்கம் இழுத்துச்சு, சொல்லுங்க" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். என் நிலையைப் பார்த்தாள். நான் சக்கரத்துக்கு நேரே நின்றுகொண்டு கையால் மட்டும் பிடித்திருந்தேன். என்னைப் பக்கவாட்டில் நகர்த்தி, ஒரு காலை மோட்டாரின் அடிக்கட்டையில் முட்டுக்கொடுத்து, மொத்த உடம்பும் கீழ்ப்பக்கம் சாயும்படி நிறுத்தினாள். அவள் கைகள் குளிர்ந்திருந்தன. மறுபடி தம்பியிடம் சொன்னாள், அவன் திருப்பிச் சொன்னான். என்னிடம் சொன்னாள்.

"உடம்பைச் சாய்ச்சுப் பிடிக்கணும். நீ திறந்ததும் கீழ்ப்பக்கம் சுத்தணும். நிறுத்துன்னா அப்படியே பிடிக்கணும்" என்றேன்.

திறந்தாள். இந்த முறை சக்கரம் திமிறியபோது அதைவிடப் பிடிவாதமாக நான் சாய்ந்தேன். நகர்ந்தது. கொஞ்சம் நகர்ந்ததும் மூடினாள். தம்பியிடம் கேட்டாள். கால் இன்னும் உள்ளேதான் இருக்கிறது, பிடி மட்டும் தளர்ந்திருக்கிறது என்றான். மறுபடி சொல்லி, மறுபடி ஒப்பித்து, மறுபடி திறந்தோம். மூடியதும் கேட்டாள். பதில் இல்லை.

"தம்பி, கால் எங்க இருக்குன்னு சொல்லு."

கயிற்று ஓட்டையில் ஒரு சத்தமும் வரவில்லை. இன்னும் கொஞ்சம்தான், ஒரே இறக்காக இறக்கிவிடலாம், பிரேக்கை விடு என்று நான் கத்தினேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். முகமெல்லாம் வியர்வை, கண்ணிலிருந்து நீர் தன்பாட்டுக்கு இறங்கியது, நெம்புகோலில் இருந்த கை அசையவில்லை.

"அவன் எப்படிச் சாஞ்சிருக்கான்னு தெரியாம இறக்கினா வேற எதுவாவது மாட்டும். சொல்லட்டும்."

அவளை அந்த நேரத்தில் வெறுத்தேன். மறைக்காமல் சொல்கிறேன், வெறுத்தேன். அவள் தரையில் மண்டியிட்டு, கையை நெம்புகோலிலிருந்து எடுக்காமலே, ஓட்டையருகே வாயை வைத்து அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் கேட்டறியாத ஒரு செல்லப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

ரொம்பக் கீழேயிருந்து வருகிற மாதிரி அவன் குரல் வந்தது. "தலை சுத்திச்சு... தலையைச் சுவர்ப்பக்கம் சாய்ச்சிருந்தேன். இப்ப கூரை நடுவுல வந்துட்டேன். கால் உள்ளதான். இறக்கு."

"தலை நடுவுல இருக்கு, கால் உள்ள இருக்கு, இறக்கறேன்" என்றாள் அவள். இறக்கியிருந்தால் எது மாட்டியிருக்கும் என்று எனக்கு விளங்கியது.

திறந்தாள். சாய்ந்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. "வந்துடுச்சு, நிறுத்து, நிறுத்து" என்று கீழே கத்தினான். "நிறுத்தறேன்" என்று நானும் அவளும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

தீயணைப்பு ஆட்கள் வந்து மேல்தளக் கதவைத் திறந்து அவனை வெளியே எடுத்தார்கள். தூக்குக்கட்டிலில் வைத்துப் படியிறக்கும்போது, திருப்பத்தில் தலைப்பக்கத்தை உயர்த்துங்கள் என்று அவனே அவர்களுக்குச் சொல்லிக்கொண்டு போனான். அவர்களுக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் சாயங்காலம் டாக்டர் வந்து, பாதம் தப்பியது, இரண்டு விரல்கள் போயின என்றார். கட்டிடத்தின் மேலாளரும் வந்திருந்தார். வந்ததும் வராததுமாக நடைபாதையில் நின்ற வாட்ச்மேன் மேல் பாய்ந்தார். யாரைக் கேட்டு ஸ்விட்சைப் போட்டாய் என்று கையை ஓங்கினார். என் மனைவி எழுந்து நடுவே போய் நின்றாள்.

"அவர் மேல தப்பில்ல. நான் சொன்னேன், அவர் போட்டார்."

நான் அப்போதுதான் முழுக் கதையையும் கேட்டேன். அந்தப் பழைய ஸ்விட்ச் பெட்டியில் பூட்டு மாட்ட இடமில்லை. லிஃப்ட் ஓடவில்லையென்றால் குடியிருப்பவர்களே மேலேறி வந்து ஸ்விட்சைப் போடுகிற வழக்கமும் அங்கே உண்டு. அதனால் வாட்ச்மேனைக் காவல் நிறுத்தி, நான் சொன்னால்தான் போட வேண்டும் என்று சொல்லி, அதைத் திருப்பியும் சொல்லவைத்தாள். "நீங்க சொன்னாத்தான் போடணும்" என்றார் அவர். என்ன சொன்னால் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பெட்டிக் கூரையில் இருக்கும் நிறுத்தும் பொத்தானைத்தான் தம்பி கழற்றி மாற்றிக்கொண்டிருந்தான், அதனால் அவனால் பெட்டியை நிறுத்த முடியாது. மெஷின் ரூம் வாசலருகே அவள் நின்றபோது போன் அடித்தது. மாமியார். சாப்பிட்டாயா, சின்னவன் கூட இருக்கிறானா, அவனைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். அவள் தலையாட்டிக்கொண்டே சொன்னாள்: "சரிம்மா, சரி." வாட்ச்மேன் அவள் முகத்தைப் பார்த்தார், தலையாட்டுவதைப் பார்த்தார், போட்டார். மேல்தளத்தில் எவனோ லிஃப்டைக் கூப்பிடும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தான். பெட்டி ஏறியது.

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு நடுக்கம் வந்தது. பல் தந்தியடித்தது. அவளைப் பிடித்து உட்காரவைத்தேன். மேலாளர் மெல்ல நழுவிவிட்டார்.

உள்ளே விட்டார்கள். கட்டிலருகே போய், "நான்தான்டா" என்றாள்.

"தெரியும். கேட்டுச்சு" என்றான் மச்சான். மருந்து மயக்கத்தில் சொற்கள் இழுத்தன. "ரெண்டு காலையும் தொங்கவிட்டு, குனிஞ்சு பாதி ஒடம்பை வெளிய நீட்டிட்டிருந்தேன். உன் வாயில அந்தச் சொல் வந்துச்சு. மன்றத்துப் பழக்கம், யோசிக்கறதுக்குள்ள ஒடம்பு பின்னால தாவிடுச்சு. ஒரு கால்தான் தங்கிடுச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "அம்மாகிட்ட சொல்லாதே" என்றான்.

சொல்லவேண்டிய அவசியம் இருக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை. ஆனால் மாமியார் உள்ளே வந்தபோதே அவர் முகம் சரியாக இல்லை. மகன் நெற்றியைத் தடவினார், கட்டுப்போட்ட காலைத் தொடாமல் அதன்மேல் போர்வையை இழுத்துவிட்டார். இஸ்திரிப்பெட்டி சுட்ட பழைய தழும்புகளோடு அந்தக் கை போர்வையிலேயே நின்றுவிட்டது. எப்படி ஆயிற்று என்று கேட்டார். கால் தவறிவிட்டது என்றான் மகன். அவர் அவனைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்தார்.

"வெளிய வாட்ச்மேன் அழுதுட்டு நிக்கறார். நீ போன்ல சரின்னு சொன்னியாம், அதைக் கேட்டுத்தான் போட்டாராம்." மகளின் கையைப் பிடித்தார். "யார்கிட்டம்மா சரின்னு சொன்னே? நான் கூப்பிட்டப்பவா?"

என் மனைவிக்குப் பொய் சொல்ல வராது. ஒரு சொல் பிசகினால் ஊரையே நிறுத்திக் கேட்கிறவள். இப்போது உண்மையைச் சொன்னால், இந்த அம்மாள் சாகிறவரை இரவு தூங்க மாட்டார். தான் அக்கறையாகக் கேட்ட கேள்விதான் மகன் காலை நசுக்கியது என்று எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அது எனக்கே தெரிந்தது. அவளுக்குத் தெரியாதா?

"இல்லம்மா" என்றாள். "நீ வெச்சப்புறம் இவர் கூப்பிட்டார். இவர்கிட்டதான் சொன்னேன்."

கையை என் பக்கம் நீட்டினாள். நான் அன்று அவளுக்குப் போனே செய்யவில்லை. திரும்பி அவளைப் பார்த்தேன். பிரேக்கில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாளே, அதே பார்வை. நான் பிடிப்பேனா மாட்டேனா என்று காத்திருந்தாள்.

"ஆமா அத்தை. நீங்க வெச்சப்புறம் நான் கூப்பிட்டேன். என்கிட்டதான் சரின்னு சொன்னா."

"அப்படி என்ன அவசரம்?"

"சாப்பிட்டியான்னு கேக்கத்தான்."

"மாமாவுக்கு எப்பவும் இதே வேலைம்மா" என்று கட்டிலிலிருந்து மச்சான் கண்ணை மூடிக்கொண்டே சொன்னான்.

மாமியார் என்னையே பார்த்தார். முகத்திலிருந்த பயம் மெல்ல மெல்ல வடிந்து அந்த இடத்தில் கோபம் ஏறியது. சின்னவன் கட்டிலுக்கும் எனக்கும் நடுவே நாற்காலியை இழுத்துப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

மச்சான் இப்போது பழையபடி வேலைக்குப் போகிறான். நடையில் ஒரு சின்ன இழுப்பு, அவ்வளவுதான். ஜோடி மாறவில்லை. வாட்ச்மேனும் அதே வாசலில்தான் நிற்கிறார். மாமியார் மட்டும் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்தால் நான் இருக்கும் பக்கம் திரும்புவதில்லை. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் சுவரைப் பார்த்துச் சொல்வார்.

நேற்று மத்தியானம் எதிர்க் கட்டிடத்தில் மறுபடி வேலை. மாமியாரின் போன் வந்ததும் என் மனைவி வேலையை நிறுத்தி, ஃபியூஸ் கட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு, படியிறங்கித் தெருவுக்கு வந்து, என் கடை வாசலில் நின்றுதான் திரும்பக் கூப்பிட்டாள். மாமியாரின் குரல் போனைத் தாண்டி எனக்கே கேட்டது.

"உன் வீட்டுக்காரர் வேலை நேரத்துல போன் பண்ணா எடுக்காதே. புரிஞ்சுதா? வேலை நேரத்துல அவர்கிட்ட என்ன பேச்சு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு தைத்தேன்.